முடிந்த வீடியோவை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் கையில் கைபேசி என்ற பேச்சு வந்தாலே, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒரு சாராரும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று இன்னொரு சாராரும் எழுதுவதை வாசகர் பகுதியில் தொடர்ந்து படித்து வருகிறேன். பல ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறும்படம், ஒலிப்பதிவு, புகைப்படத் தொகுப்பு என்று டிஜிட்டல் ஊடக புராஜெக்ட்டுகளைச் செய்யச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். இரண்டு பேச்சுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் கேமராவை ஓட்டுவார்கள், ஆப்பில் வெட்டி ஒட்டுவார்கள், ஒரு மணி நேரத்தில் பாட்டும் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார்கள், ஆனால் இந்த ஷாட்டை ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள். அதை யோசிக்க வைக்கத்தான் ஆசிரியர் வேண்டும். அப்படி யோசிக்க வைக்க நான் கண்ட ஒரு வழியை, வேலை நடக்கும்போதே வாராவாரம் பணிக்குறிப்பு எழுதவைப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தை எடுத்த முதல் ஆண்டு, தண்ணீர் என்ற தலைப்பில் மூன்று நிமிட வீடியோ எடுத்து வாருங்கள் என்று மூன்று மாத அவகாசம் கொடுத்தேன். இடையிடையே "எப்படிப் போகுது?" என்று கேட்பேன். "போயிட்டிருக்கு மிஸ்" என்பார்கள். சரி என்று விட்டுவிடுவேன். கடைசி நாள் எல்லாரும் பென்டிரைவ் கொண்டுவந்தார்கள். ஒரு குழுவின் வீடியோ அப்படியே விளம்பரப் படம் மாதிரி இருந்தது, அதற்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் குழுவில் இருந்த மாணவியிடம், அந்த நீர்த்துளி விழுகிற காட்சியை எப்படியம்மா அவ்வளவு மெதுவாக்கினீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எடிட்டிங் முழுக்க வீட்டில் ஒரு அண்ணன் செய்துகொடுத்தது. அதே வகுப்பில் இன்னொரு பையன் கொடுத்த வீடியோவில் படம் ஆடியது, ஒலி ஏறி இறங்கியது, பாதிக்கும் குறைவாகத்தான் போட்டிருந்தேன். அவன் யார் உதவியும் இல்லாமல் நான்கு முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் எது கெட்டது என்று தானே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறான் என்பது அவன் அடுத்த வகுப்புக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மதிப்பெண்ணை இனி யாராலும் மாற்ற முடியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

அடுத்த ஆண்டு முதல் முறையை மாற்றினேன். புராஜெக்ட் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு பணிக்குறிப்பு எழுத வேண்டும். வகுப்பில் உள்ளவர்களும் நானும் மட்டும் திறந்து படிக்கிற மாதிரி இணையத்தில் ஆளுக்கு ஒரு பக்கம். வாரம் ஒரு முறை, ஐந்தாறு வரி போதும். என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், அடுத்து என்ன செய்யப் போகிறேன், ஏன் அப்படி. கூடவே ஏதாவது ஒரு சான்று இருக்க வேண்டும், வீணாய்ப்போன ஒரு டேக், பத்து விநாடி ஒலி, எடிட்டிங் டைம்லைனின் (ஷாட்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டும் பட்டை) ஒரு ஸ்கிரீன்ஷாட், நோட்டில் கிறுக்கிய காட்சிப் படம், எதுவாக இருந்தாலும் சரி.

முதல் மூன்று வாரம் எல்லாப் பக்கத்திலும் ஒரே வாக்கியம். "இன்று எடிட் செய்தோம். நன்றாக வந்தது." படித்துவிட்டு நான் மனம் தளர்ந்துபோனேன் என்றே சொல்ல வேண்டும். பிறகு யோசித்துப் பார்த்தபோது தப்பு பிள்ளைகளிடம் இல்லை என்று புரிந்தது. பள்ளியில் அதுவரை அவர்கள் எழுதியதெல்லாம் சரியான விடைகள்தான். தெரியாததை, கோட்டைவிட்டதை எழுது என்று யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. அதனால் நானே எனக்கும் ஒரு பக்கம் திறந்து, அந்த வார இறுதியில் நான் எடுத்த ஒரு நேர்காணலைப் போட்டேன். ஜன்னலுக்கு முன்னால் ஆளை உட்காரவைத்து எடுத்ததில் முகம் கறுத்துப்போய், வெளியே வெளிச்சம் மட்டும் பளீரென்று விழுந்திருந்தது. ஏன் அப்படி ஆனது, கேமரா மொத்தக் காட்சியின் வெளிச்சத்தையும் சேர்த்து அளந்து பின்னால் இருக்கிற வெளிச்சத்துக்கு ஏற்ப இருட்டாக்கிவிட்டது, ஆளை ஜன்னலைப் பார்த்த மாதிரி திருப்பி உட்காரவைத்திருந்தால் அதே ஜன்னலே நல்ல விளக்காகியிருக்கும் என்று எழுதினேன். அடுத்த வாரம் பதினோரு பேர் தங்கள் கெட்டுப்போன ஷாட்டுகளைப் போட்டார்கள். மிஸ் போட்டால் நாமும் போடலாம் என்ற தைரியம்தான்.

ஒரு மாணவியின் பக்கத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தன் பாட்டியின் இளமைக் கால நினைவுகளை ஐந்து நிமிட ஒலிப்பதிவாக, அடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் செய்துகொண்டிருந்தாள். ஒரு வாரம் இப்படி எழுதியிருந்தாள்: "பின்னால் இரைச்சல் கேட்டது. அடாசிட்டியில் இரைச்சல் குறைக்கும் வசதியைப் போட்டேன். இப்போது பாட்டி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது." கூடவே அந்தப் பத்து விநாடி. கேட்டேன், அவள் சொன்னது அப்படியே உண்மை. இதைச் செய், அதைச் செய் என்று பதில் எழுத விரல் துடித்தது. எழுதவில்லை. ஒரே கேள்விதான் எழுதினேன்: "அந்த அறையில் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்கார். என்னென்ன கேட்கிறது என்று பட்டியல் போடு."

மறுநாளே பட்டியல் வந்தது. ஃபேன், பக்கத்து அறை ஃபிரிட்ஜ், கடிகாரம், தெருவில் வண்டிச் சத்தம், அப்புறம் பாட்டியின் வளையல். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தலாம், கடிகாரத்தை வெளியே எடுத்துவைக்கலாம், தெருச் சத்தத்துக்குக் காலையில் சீக்கிரம் பதிவு செய்யலாம் என்று அவளே தீர்வையும் எழுதிவிட்டாள். நான் சேர்த்தது இரண்டு விஷயம்தான். கைபேசியை மேசையில் வைக்காமல் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் பிடி, குரல் அருகில் வர வர அறைச் சத்தம் தானாகப் பின்னுக்குப் போகும். இன்னொன்று, பேச்சு தொடங்கும் முன் யாரும் பேசாமல் முப்பது விநாடி வெறும் அறையைப் பதிவு செய். இரைச்சல் குறைக்கும் கருவி முதலில் இரைச்சலை மட்டும் தனியாகக் கேட்டுத்தான் எதை நீக்குவது என்று தெரிந்துகொள்கிறது, குரலும் கலந்த இடத்தை மாதிரியாகக் கொடுத்தால் குரலையும் சேர்த்துத் தின்றுவிடும். வெட்டி ஒட்டுகிற இடங்களில் அந்த வெறும் அறை ஒலியைப் போட்டு நிரப்பினால் வெட்டு தெரியாது. அவ்வளவுதான் நான் சொன்னது.

இரண்டாவது பதிவு சுத்தமாக வந்தது. ஆனால் அந்த வாரக் குறிப்பில் அவள் எழுதியிருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. "பாட்டி இரண்டாவது தடவை ஒழுங்காகச் சொன்னாங்க. ஆனா முதல் தடவை சொன்னப்ப நடுவுல சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இதுல இல்ல. சத்தமில்லாத பாட்டி வேணுமா, சிரிக்கிற பாட்டி வேணுமா?" ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொள்கிற கேள்வி இது. வகுப்பில் நான்கு பேர் அதற்குக் கீழே எழுதினார்கள், ஆளுக்கொரு கருத்து. கடைசியில் அவள் இரண்டாவது பதிவையே வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு மட்டும் முதல் பதிவிலிருந்து வரும்படி, ஃபேன் சத்தத்தோடேயே, மெதுவாக உள்ளே நுழைந்து மெதுவாக வெளியேறுகிற மாதிரி சேர்த்தாள். முடிந்த ஒலிப்பதிவை மட்டும் கேட்டிருந்தால், ஓரிடத்தில் இரைச்சல் வருகிறதே என்று நான் ஒரு மதிப்பெண் குறைத்திருப்பேன்.

தமிழில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு, அதையும் இந்தக் குறிப்புகள்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தன. ஒரு பையன் சப்டைட்டில் தட்டச்சு செய்தால் "கொடி" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. தன் தட்டச்சுதான் தப்பு என்று நினைத்து இரண்டு வாரம் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை அந்த மென்பொருள் தமிழுக்குச் செய்யவில்லை. சில எடிட்டிங் மென்பொருட்களில் தெற்காசிய எழுத்துகளுக்கென்றே அமைப்புகளில் ஒரு தேர்வு இருக்கிறது, அதை மாற்றியதும் கொடி கொடியாக வந்தது. அந்தப் பையன் அதைப் படிப்படியாகத் தன் பக்கத்தில் எழுதிவைத்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டு வகுப்புகளும் அந்தக் குறிப்பைத்தான் பார்க்கின்றன, என்னிடம் யாரும் கேட்பதில்லை.

எல்லாரும் எல்லாருடைய பக்கத்தையும் படிக்கலாம் என்று வைத்ததற்குக் காரணமே இதுதான். காப்பியடித்துவிட மாட்டார்களா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்னது இதுதான்: அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் 2007-இல் பிள்ளைகள் நிரல் எழுதிக் கதை, விளையாட்டு செய்வதற்காக வெளியிட்ட ஸ்கிராட்ச் தளத்தில் ஒருவர் பகிர்ந்த படைப்பை யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாம், அதையே எடுத்து மாற்றித் தன்னுடையதாகவும் வளர்க்கலாம், யாருடையதிலிருந்து வந்தது என்பதும் கூடவே தெரியும். ஒருவர் செய்ததைப் பிரித்துப் பார்த்துக் கற்பதும் அதைத் திருடுவதும் வேறு வேறு என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது. எங்கிருந்து எடுத்தேன் என்று எழுதும் பழக்கத்தை மட்டும் நாம் உண்டாக்கிவிட்டால் போதும்.

பின்னூட்டத்துக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். "சூப்பர்", "செம" என்று எழுதக்கூடாது, எந்த நிமிடம் எந்த விநாடி என்று குறிப்பிட்டுத்தான் எழுத வேண்டும். "0:42-இல் அவர் கதவைத் திறக்கிறார், 0:43-இல் அடுத்த ஷாட்டில் கதவு மூடியிருக்கிறது" என்று ஒரு தோழி எழுதினால் அது உதவி. நானும் அதே விதிப்படிதான். ஒரு குறிப்புக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்பதில்லை. எழுத்துப்பிழையைத் திருத்துவதில்லை, திருத்தினால் அடுத்த வாரம் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

பாட்டு, படம் எடுத்துப் போடுகிற விஷயத்தில்தான் இந்தக் குறிப்பின் அருமை இன்னும் தெரியும். கூகுளில் கிடைத்தது என்று சொல்லிப் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எடுத்துப் போடுவார்கள், மூன்று மாதம் கழித்து எங்கே எடுத்தாய் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அதனால் எடுத்த அன்றே, எடுத்த இடம், ஆக்கியவர் பெயர், என்ன உரிமம் என்று குறிப்பில் எழுத வேண்டும். தன் படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று ஆக்கியவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதலே இருக்கின்றன, நான்கு சொற்கள் புரிந்தால் போதும்: பெயர் குறிப்பிடு, வணிகத்துக்குப் பயன்படுத்தாதே, மாற்றாதே, மாற்றினால் இதே உரிமத்தில் வெளியிடு. இதில் பெரியவர்களே தவறுகிற இடம் ஒன்று உண்டு. "மாற்றாதே" என்ற நிபந்தனையுள்ள இசையை ஒரு நொடிகூட வெட்டாமல் அப்படியே வீடியோவுக்குப் பின்னால் ஓடவிட்டாலும், அசையும் படத்தோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்ப்பதே மாற்றம்தான் என்று அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே அந்த இசையை வீடியோவில் வைத்து வெளியிட முடியாது. இதை ஒரு மாணவி உரிமத்தின் முழு வாசகத்தையும் படித்துத் தன் குறிப்பில் எழுதிய பிறகு, என் பாடக் குறிப்பையே நான் திருத்திக்கொண்டேன்.

ஃபைல் தொலைந்துபோவது பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். முழு எச்டி வீடியோ ஒரு நிமிடம் ஏறத்தாழ நூறு எம்பி வரும், கைபேசி நிறைந்ததும் வீட்டில் யாராவது அழித்துவிடுவார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதியை முதல் வாரமே செய்யச் சொல்லி, செய்ததைக் குறிப்பில் காட்டச் சொல்கிறேன். அழுதுகொண்டு வந்து நிற்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

இனி என்னிடம் சொல்லப்படும் எதிர்ப்புகள். நேரம் எங்கே இருக்கிறது என்பது முதலாவது. என் வகுப்பில் நாற்பது பேர். ஒரே நாளில் நாற்பது குறிப்பையும் படிக்க உட்கார்ந்தால் யாருக்கும் முடியாது. நாளுக்கு எட்டுப் பேர் என்று ஐந்து நாளைக்குப் பிரித்துக்கொண்டேன், அரை மணி நேரம் ஆகிறது. பழைய முறையில் கடைசி வாரம் நாற்பது வீடியோவை உட்கார்ந்து பார்த்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஊகித்து மதிப்பெண் போட்டதைவிட இது எனக்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. எழுத வராத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது இரண்டாவது, நியாயமான கேள்வி. ஊடகப் பாடத்தில் எழுத்துத் திறனை அளக்க நான் வரவில்லை. ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து போட்டாலும் அது பணிக்குறிப்புதான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் ஒவ்வொரு வாரமும் பேசிப் பேசியே தன் புராஜெக்ட்டை முடித்தான்.

மூன்றாவது எதிர்ப்பைப் பெற்றோர் சொல்கிறார்கள், அதில் நான் முழுக்க அவர்கள் பக்கம். பிள்ளைகளின் பெயர், முகம், வீடு இருக்கும் இடம் எதுவும் பொதுவெளிக்குப் போகக்கூடாது. அதனால்தான் இந்தப் பக்கங்கள் வகுப்புக்குள் மட்டும். கைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த இடத்தின் குறியீடு பதிந்திருக்கலாம் என்பதைப் பல பெற்றோரே அறிந்திருக்கவில்லை, கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைப்பது எங்கள் முதல் வகுப்பின் முதல் வேலை. முடிந்த படைப்பை வெளியே காட்ட வேண்டுமென்றால் மாணவரும் சம்மதிக்க வேண்டும், பெற்றோரும் சம்மதிக்க வேண்டும், படத்தில் வருகிற மற்றவர்களும் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்குவதே ஊடகப் பாடத்தில் ஒரு பகுதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. நாலு வரி எழுதிக் கொடுத்தால் படம், குரல், இசை எல்லாம் வருகிறது. முடிந்த வீடியோவை வைத்து இது யாருடைய உழைப்பு என்று கண்டுபிடிப்பது இனி இன்னும் கடினம். நான் அந்தக் கருவிகளைத் தடை செய்யவில்லை, ஆனால் என்ன கேட்டாய், என்ன வந்தது, அதில் எதைத் தள்ளினாய், ஏன் தள்ளினாய் என்று குறிப்பில் இருக்க வேண்டும். குறிப்பையே கருவியிடம் எழுதி வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். ஓரிருவர் செய்தும் பார்த்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசும் பாட்டியும் வளையல் சத்தமும் அந்தக் குறிப்புகளில் இல்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, உன் டைம்லைனைத் திற, இந்த வெட்டைப் பற்றிச் சொல் என்றேன். இரண்டே நிமிடத்தில் அவர்களே ஒப்புக்கொண்டு, அடுத்த வாரத்திலிருந்து சொந்தமாக எழுதினார்கள். வாராவாரம் எழுதுவதால் அவர்களைத் திருத்த இன்னும் நேரம் இருந்தது, கடைசி நாளில் தெரிந்திருந்தால் தண்டிக்க மட்டும்தான் முடிந்திருக்கும்.

என் வகுப்பில் இப்போது நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் பணிக்குறிப்புக்கு, ஐம்பது முடிந்த படைப்புக்கு. குறிப்புக்கு இன்னும் அதிகம் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது, ஆனால் செய்து முடிக்கவும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு வகுப்பில், ஒரே ஒரு புராஜெக்ட்டுக்கு இதைச் செய்து பாருங்கள், முதல் மூன்று வாரம் "நன்றாக வந்தது" என்றுதான் வரும், அதற்காக விட்டுவிடாதீர்கள், உங்கள் கெட்டுப்போன ஷாட் ஒன்றை முதலில் போடுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் பிள்ளைகளின் புகைப்படங்களையும் குறும்பட அறிமுகங்களையும் வெளியிடும்போது, அதைச் செய்த மாணவரிடமே பத்து வரி கேட்டு வாங்கி, எங்கே மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன் என்பதையும் பக்கத்தில் சேர்த்து வெளியிடுங்கள். இடம் குறைவு என்றால் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஊடகப் பாட ஆசிரியை ஒருவர்